வீரமுத்து கை வைத்த வண்டி

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கோமுகி வாய்க்கால் ஓரத்துத் தெருவில் இருக்கும் வீரமுத்துவுக்கு வயது ஐம்பத்து நான்கு. கரும்பு வெட்டப் போவார், வரப்பு கழிக்கப் போவார், எதுவும் இல்லாத நாளில் நூறு நாள் வேலைக்குப் போவார். சொந்தமாக மோட்டார் சைக்கிள் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பழைய வண்டி வாங்க நினைக்கிற எவனும் முதலில் தேடி வருவது அவரைத்தான். நீந்தத் தெரியாதவனைக் கூட்டிப்போய்க் கிணறு ஆழம் பார்த்த கதையாக இருக்கிறதே என்று தோன்றினால் தோன்றட்டும். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

அவருடைய இடது காலில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் பத்தொன்பது வயதில் ஒரு மரவள்ளிக் கொல்லையில் போயின. பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்த பச்சமுத்துவின் மம்பட்டிக் காம்பு காலையிலிருந்தே லொடலொட என்று ஆடிக்கொண்டிருந்தது. “சோறு துன்னுட்டு ஆப்பு வெச்சிக்கலாம்டா” என்று பச்சமுத்து சொல்லிக்கொண்டே இருந்தார். சோற்றுக்கு முன்னாலேயே தகடு கழன்று வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது வீரமுத்துவுக்கு அந்தப் பழக்கம். கையில் எதை எடுத்தாலும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டார். மம்பட்டி, கோடாலி, கரும்பு வெட்டும் கத்தி என்றால் சரி. குழம்புக் கரண்டி, டவுன் பஸ் கம்பி, கல்யாண மண்டப நாற்காலி என்று எல்லாவற்றையும் ஆட்டினால் என்னத்தைச் சொல்வது? பெண் பார்க்கப் போன வீட்டில் போட்ட ஸ்டூலை நாலு பக்கமும் ஆட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பொறுப்பானவர் என்று பெண் வீட்டார் முடிவு செய்தார்கள். உள்ளே நின்று பார்த்த சின்னப்பொண்ணு வேறு ஏதோ நினைத்திருக்கிறாள். என்ன நினைத்தாள் என்று முப்பது வருஷமாகச் சொல்லாமலே குடும்பம் நடத்துகிறாள்.

வண்டிக்கு வருவோம். பச்சமுத்துவின் மகன் இளமாறன் கரும்பு லோடு ஏற்றுகிற ஆள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கள்ளக்குறிச்சிக்குப் பழைய வண்டி வாங்கப் போனபோது, டவுனில் வேறு வேலை இருந்த வீரமுத்துவும் கூடப் போனார். துணைக்கு வந்த நான்கு பேரும் நான்கு விதமாக வண்டியைச் சோதித்தார்கள். ஒருவன் ஆக்சிலேட்டரை முறுக்கிச் சத்தம் கேட்டான். ஒருவன் டயரைக் காலால் உதைத்தான். ஒருவன் சைலன்சரில் கையை வைத்து முகர்ந்து பார்த்தான். இன்னொருவன் பெயின்டைச் சுரண்டினான். வீரமுத்து சும்மா நிற்கப் பிடிக்காமல், மம்பட்டியைப் பிடிக்கிற மாதிரி ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னும் பின்னும் ஒரு தள்ளு தள்ளினார். கைக்குள் எதுவோ டொக் என்றது.

“காம்பு ஆடுதுப்பா” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். “அது காம்பு இல்ல மாமா, ஹேண்டிலு. திரும்பணும் இல்ல, அதான் ஆடுது” என்றான் இளமாறன்.

“திரும்பறது வேற, ஆடறது வேறடா.”

யார் கேட்டார்கள்? வாங்கிய நாலாம் நாள் கல்வராயன் மலை ரோட்டில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ரோடு இடது பக்கம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. உன்னிப் புதர் ஒன்று இருந்ததால் இளமாறனுக்குத் தோள்பட்டை எலும்போடு போயிற்று. கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தவன், எப்படி விழுந்தான் என்று கேட்ட எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னான். “மாமா அப்பவே சொன்னாரு.”

அதோடு வீரமுத்துவுக்கு வேலை வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் அதை ஒழுங்காகத்தான் கற்றுக்கொண்டார். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ராஜாங்கம் அவருக்குக் கூட்டாளி. அவரிடம் உட்கார்ந்து, ஹேண்டில் உட்காருகிற வண்டிக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், இரண்டுக்குள்ளும் இரும்புக் குண்டுகள். மொத்தத்துக்கும் கோன் செட் என்று பெயர். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒரு ஆள் அழுத்தினால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். அப்போது சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு குழாய்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். டொக் என்றால் கழுத்து தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்ப வேண்டும். நடுவில் எங்காவது சிக்கி நின்றால் குண்டு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தை. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பார்த்துச் சொன்னால் ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுப்பார்கள். வாங்கிய வண்டியிலேயே வீட்டில் விடுகிறேன் என்பார்கள். “வேணாம்பா, பஸ்ல வந்துக்கறேன்” என்பார். மற்றவர்களுக்கு நல்ல வண்டி என்று சொன்ன எந்த வண்டியிலும் அவர் ஏறியதில்லை. பயம்தான், வேறென்ன?

இரண்டு மூன்று வருஷம் இப்படி ஒழுங்காகப் போயிற்று. அதன் பிறகு ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே வாங்கிவிட்ட வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழத்தோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஒருவாட்டி கை வெச்சிக் குடுங்க.”

வீரமுத்து ஆட்டிப் பார்த்தார். “ஆடுதுங்க. கோன் செட் மாத்தணும்.”

“ஆவட்டுங்க. நீங்க கை வெச்சிட்டீங்க இல்ல, அது போதும்” என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து லட்டோடு வந்தார். ஒரு கீறல் விழவில்லையாம்.

அங்கே தொடங்கியது வினை. களமருதூர்க்காரன் ஒருவன், இவர் ஆடுது என்று சொன்ன வண்டியை அப்படியே ஓட்டி, விழுந்து, காலை உடைத்துக்கொண்டு, கட்டையை ஊன்றி நடந்து நன்றி சொல்ல வந்தான். “நீங்க மட்டும் கை வெக்கலன்னா அன்னிக்கி உசுரே பூட்டிருக்குங்க” என்றான். விழாதவன் இவர் கைராசியால் விழவில்லை. விழுந்தவன் இவர் கைராசியால் சாகவில்லை. இந்த ஆட்டத்தில் தோற்க வழியே கிடையாது. ஆரம்பத்தில் வீரமுத்து சண்டை போட்டுப் பார்த்தார். “கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, ஸ்பேனர் வெச்சி முடுக்குங்கடா” என்று கத்தினார். பெரிய கை என்றால் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு கத்துவது குறைந்தது. ஏன் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக எந்த வீட்டுக் கரும்பை வெட்டினாரோ, எந்த வீட்டில் “டேய் வீரமுத்து” என்று வயசு வித்தியாசம் இல்லாமல் கூப்பிட்டார்களோ, அந்த வீட்டுப் பையன் புது வண்டியை நிறுத்திவிட்டு, “வாங்க, உக்காருங்க, கை வெச்சிக் குடுங்க” என்றான். வாங்க என்றான்! மூன்று விரல் காலைக் கீழே தொங்கப்போட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த நாற்காலியை ஆட்டிப் பார்க்க மறந்துபோனார். ஆசை யாரை விட்டது?

கள்ளக்குறிச்சியில் ஆட்டோ கன்சல்டிங் கடை வைத்திருக்கும் பிரவீன்குமாருக்கு இதெல்லாம் காதில் விழாமல் இருக்குமா? பழைய வண்டி வாங்கி விற்கிறவன், ஊர்ப் பேச்சைப் பேப்பருக்கு முன்னால் படிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, கடையில் நிற்கும் வண்டிகளில் எல்லாம் கை வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டான். நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பத்தரைக்கு டீ, மசால் வடை. வீரமுத்து ஒவ்வொரு வண்டியாக ஆட்டி, இது பரவாயில்லை, இது ஆடுது, இது ரொம்ப மோசம் என்று சொல்லிக்கொண்டே போவார். பிரவீன்குமார் எல்லாவற்றுக்கும் “பாத்துடலாம்ணா” என்பான். அவர் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வண்டியிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவான். சிவப்பு எழுத்தில் ‘வீரமுத்து கை வைத்த வண்டி’ என்று இருக்கும். கூடவே ஒரு கை படம். தேர்தல் சமயத்தில் அது கட்சிச் சின்னம் என்று யாரோ புகார் சொல்ல, அடுத்த அச்சில் அந்தக் கைக்குள் ஒரு ஹேண்டில்பாரை வரைந்துவிட்டான்.

“ஆடற வண்டிக்கு எதுக்குப்பா ஒட்டற?” என்று வீரமுத்து முதல் வாரமே கேட்டார்.

“கை வெச்சீங்களா இல்லியாணா?”

“வெச்சேன்.”

“அதத்தான போட்டுக்கீது. நல்ல வண்டின்னா போட்டுருக்கேன்? பொய் ஒண்ணும் இல்லியே. வடை ஆறுது, எடுத்துக்குங்க.”

வடை ஆறிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துக்கொண்டார். எட்டு மாதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் போய், கடையில் இப்படி நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி அவர் மகள் சந்தியாவின் கதை. மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒப்பந்த வேலைதான். ஆனாலும் அந்தத் தெருவிலேயே வெள்ளைக் கோட்டு போடுகிற முதல் ஆள் அவள். காலையில் மலையேறுகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. வெறும் வயிற்றோடு விடியற்காலையில் மூன்று கல் நடந்து வந்து ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருப்பார்கள் மலை சனங்கள். இவள் பத்தரைக்குப் போய் இறங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த மாதத்திலிருந்து எட்டு மணிக்கு வந்தாக வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சிநேகிதி சுபஸ்ரீயின் வண்டியில் சந்தியா கியர் போட்டு ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டாள். வண்டிதான் அமையவில்லை. சேர்த்து வைத்த சம்பளத்தோடு ஏழு வண்டியை அப்பாவிடம் காட்டினாள். ஏழையும் அவர் ஆட்டினார். ஏழும் ஆடுது என்றார்.

“மலைக்குப் போற வண்டிம்மா. கழுத்து கெட்டியா இருக்கணும்” என்பார்.

“வண்டி ஆடல. மலைக்கு இவ போவக் கூடாதுன்னு ஒன் மனசுதான் ஆடுது” என்பாள் சின்னப்பொண்ணு. அதிலும் பாதி நிஜம். ஏழில் மூன்று வண்டி ஆடவே இல்லை. இளமாறன் விழுந்த வளைவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார், ஆடுது என்று சொல்லிவிடுவார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, வீரமுத்து கரும்புக் கொல்லையிலிருந்து வந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தெருவுக்குள் ஒரு கறுப்பு வண்டி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டி வந்தது சந்தியா. முன்னால் சாமந்தி மாலை, ஹேண்டிலில் எலுமிச்சம்பழம், டேங்கில் மஞ்சள் ஸ்டிக்கர். சின்னப்பொண்ணு ஆரத்தி கரைத்து எடுத்து வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

“நேத்தே எட்துட்டம்பா. ராத்திரி சுபஸ்ரீ வூட்லியே நிறுத்தி வெச்சிட்டு, உங்கிட்ட சொல்லாமலே இன்னிக்கி டியூட்டிக்கும் போய்ட்டு வந்துட்டேன். ஏழே முக்காலுக்கே போய் நின்னுட்டேன் தெரியுமா!” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

வீரமுத்து ஈரக் காலோடு கிட்டே வந்தார். டேங்கின் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருந்தது. அந்த நசுங்கலை அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் வரிசையில் ஐந்தாவதாக நின்ற வண்டி. “இத எவனுக்கும் குடுக்காதப்பா, கழுத்து பூட்ச்சி” என்று அவர் சொன்ன வண்டி. வண்டியை நடு ஸ்டாண்டில் தூக்கிப் போட்டார். கை வைத்து ஆசீர்வாதம் செய்யப் போகிறார் என்று பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சந்தியாவுக்கு முறை தெரியும். அவளே பின்னால் போய் கேரியரை அழுத்தினாள். முன் சக்கரம் தூக்கிக்கொண்டது. வீரமுத்து குந்தி உட்கார்ந்து இரண்டு குழாய்களையும் பிடித்து ஆட்டினார்.

டொக்.

ஆரத்தித் தட்டோடு நின்ற சின்னப்பொண்ணுவுக்கே அது கேட்டது.

“இன்னாப்பா?” என்றாள் சந்தியா.

“ஆடுது.”

“வெளயாடாத. நீ பாத்த வண்டிதான. ஒம்பேரு போட்டுக்கீது பாரு.”

“பாத்தேன். ஆடுதுன்னு சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“பிரவீன்கிட்ட.”

“அப்பறம் எப்டி இத ஒட்டுனாங்க? ஒட்டும்போது நீ எங்க இருந்த?”

வீரமுத்துவுக்கு அப்போது பொய் வரவில்லை. “அங்கதாம்மா. வடை துன்னுகினு இருந்தேன்” என்றார்.

ஆரத்தி எடுத்து ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் சின்னப்பொண்ணு தட்டைத் திண்ணைக்கல்லில் வைத்தாள். சந்தியா கேரியரிலிருந்து கையை எடுத்தாள். முன் சக்கரம் கீழே வந்து தரையைத் தொட்டது.

“எறங்கும்போது மூணாவது வளைவுல டொக்குனு ஒரு சத்தம் வந்துச்சிப்பா” என்று மெதுவாகச் சொன்னாள். “ஹேண்டிலு ஒரு பக்கமா இழுத்துச்சி. எதுக்கால பஸ்ஸு. பயந்துட்டேன். அப்பறம் எங்கப்பா பாத்த வண்டியாச்சே, அப்டியெல்லாம் இருக்காதுன்னு ஓட்டிக்கினு வந்துட்டேன். எனக்கு ஆட்டிப் பாக்கத் தெரியாதா? எட்டு வயசுலேருந்து ஒன்னப் பாத்துக்கினு இருக்கறேன். ஒம்பேரப் பாத்துட்டு ஆட்டிக்கூடப் பாக்கலப்பா.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ராஜாங்கத்தின் ஒர்க் ஷாப்புக்குப் போனார். யாரையும் ஓட்ட விடவில்லை. ராஜாங்கம் கழுத்தைக் கழற்றி, கீழ் வளையத்தை ஒரு பழைய துணியில் கவிழ்த்தார். குண்டுகள் உருண்டன. மூன்றைக் காணவில்லை. இரண்டு பாதியாக உடைந்திருந்தன. மிச்சம் இருந்தவை துருப்பிடித்துக் கடுகு மாதிரி கறுத்துப் போயிருந்தன.

“இதுலயா மலைக்குப் போச்சு பொண்ணு?” என்றார் ராஜாங்கம்.

“போய்ட்டு வந்துச்சு.”

ராஜாங்கம் உடைந்த குண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஊருக்கெல்லாம் வண்டி சரி செய்கிற, இந்த வித்தையை வீரமுத்துவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ராஜாங்கம்தான். தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: “அட, ஒன் கைராசிதான்யா காப்பாத்திக்கீது.”

பன்னிரண்டு வருஷத்தில் வீரமுத்துவுக்கு வராத கோபம் அப்போது வந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியும். “நீயுமாடா?” என்று மட்டும் கேட்டார். புது கோன் செட்டைப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கத்தியைப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். வீரமுத்து வழக்கப்படி சீட்டுக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது.

கடையில் அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் உட்காரவில்லை. முதல் வண்டிக்கு எதிரில் குந்தி, கத்தியின் நுனியால் மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“ணா! ணா! இன்னாணா பண்றீங்க? பெயின்ட்டு பூடும்ணா!” என்று ஓடிவந்தான் பிரவீன்குமார்.

“அந்தக் கறுப்பு வண்டிய யாருக்குக் குடுத்த?”

“யாரோ ரெண்டு பொண்ணுங்க. நர்ஸுங்க மாதிரி. ஸ்டிக்கரப் பாத்ததும் வெலகூடப் பேசலணா.”

“எம்பொண்ணுடா.”

நிஜமாகவே பிரவீன்குமாருக்குத் தெரியாது. “எனக்கு எப்டிணா தெரியும்? நீங்களும்தான எட்டு மாசமா பாத்துக்கினு இருந்தீங்க. ஒருவாட்டி கிழிச்சிருந்தா நான் ஒட்டிருப்பனா?” என்றான்.

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. வீரமுத்து அடுத்த வண்டிக்கு நகர்ந்து சுரண்டினார். மொத்தம் பத்தொன்பது வண்டி.

எட்டாவது வண்டியருகே ஒரு புருஷன் பெண்டாட்டி நின்றிருந்தார்கள். தைலம்மாள் என்று அந்தப் பெண்ணைப் புருஷன் கூப்பிட்டான். விதைநெல் வாங்க வந்தவர்கள் மாதிரி வெயிலில் பொறுமையாக நின்று, சுரண்டுகிற ஆளைப் பார்த்தார்கள். புருஷன் மெதுவாகக் கேட்டான். “நீங்கதானுங்களா வீரமுத்து? இந்த வண்டில ஒரே ஒருவாட்டி கை வெச்சிடுங்க. ஸ்டிக்கரு கூட வேணாங்க.”

வீரமுத்துவின் கை தானாக ஹேண்டிலை நோக்கிப் போயிற்று. பாதியில் நிறுத்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், கத்தியோடு.

“நான் வெக்க மாட்டன். நீ வை. கீழ குந்து. அந்த ரெண்டு கொழாயும் புடி. யம்மா, நீ பின்னால அழுத்து. ஆட்டு. இன்னும் பலமா.”

டொக் என்றது. புருஷன் நிமிர்ந்து பார்த்தான். “இன்னாங்க இது?”

“கழுத்து. இதோட போனா ஒரு நாள் திரும்பாது.”

“நீங்க கை வெச்சா சரியாப் பூடுமா?”

“யோவ்!” என்றாள் தைலம்மாள். “அவரு சொல்றதும் ஒன் காதுல வுழல, வண்டி கத்தறதும் வுழல. எந்திரி. அடுத்த வண்டிய ஆட்டு.”

அன்றைக்கு அந்த இரண்டு பேரும் பதினொரு வண்டியை ஆட்டி, ஆடாத ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். வீரமுத்து பத்தொன்பது ஸ்டிக்கரையும் சுரண்டி முடித்தபோது மணி ஒன்று. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, வடையைக் காக்கா எடுத்துப் போயிருந்தது. பிரவீன்குமார் நாற்காலியைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தான். அதிலிருந்து இன்றுவரை அவர் யார் வண்டியிலும் கை வைப்பதில்லை. பக்கத்தில் நின்று, நீயே ஆட்டு என்பார். கை வைக்காத ஆளைக் கூட்டிப்போய் என்ன பிரயோஜனம் என்று பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நாற்காலி போட்ட வீட்டிலும் பழையபடி டேய் வீரமுத்து ஆகிவிட்டார். வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. வடை நன்றாக இருக்கும்.

ஸ்டிக்கர் சுரண்டிய மறுநாள், திங்கட்கிழமை விடிகாலை ஆறரை. சந்தியா சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு நாளாக அப்பாவோடு பேசவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவர் ராஜாங்கத்திடமிருந்து தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டாள். கத்தியோடு வேலைக்குக் கிளம்பி நின்ற வீரமுத்து, பழக்க தோஷத்தில் முன் சக்கரத்துக்கு எதிரில் போய்க் குந்தப் பார்த்தார்.

“நீ கை வெக்காதப்பா” என்றாள்.

அவர் எழுந்து தள்ளி நின்றார். அவளே அம்மாவைக் கூப்பிட்டுப் பின்னால் அழுத்தச் சொன்னாள். அவளே குந்தினாள். இரண்டு குழாய்களையும் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டினாள். சத்தம் இல்லை. ஹேண்டிலைக் கோடியிலிருந்து கோடி வரை மெதுவாகத் திருப்பினாள். நடுவில் நிற்கவில்லை. வீரமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகத்தான் செய்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அதுவே அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

“ஆடல” என்றாள்.

“ம்.”

அவள் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பி, தெருவைப் பார்த்தபடியே கேட்டாள். “எந்தக் கொல்லைக்குப் போற?”

“டேம் ரோட்டாண்ட.”

“ஏறு. வழிலதான் கீது.”

“வேணாம்மா, நான் நடந்து...”

“ஏறுப்பா. நேரமாவுது. எட்டு மணிக்கு ஆளுங்க ஒக்காந்திருப்பாங்க.”

வீரமுத்து சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்தாள். கத்தியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று விரல் காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

“எதப் புடிச்சிக்கறது?”

“என் தோளப் புடிச்சிக்கோ.”

பிடித்தார். வண்டி தெருமுனை திரும்பி வாய்க்கால் பாலம் ஏறும்போது, அவருக்கே தெரியாமல் அவர் கை அந்தத் தோளை முன்னும் பின்னும் மெதுவாக ஒரு தடவை ஆட்டியது.

“இன்னாப்பா பண்ற?”

“ஒண்ணுமில்ல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”